தரங்கம்பாடிக் குடித்தனம்

டென்மார்க்குக்கும் தஞ்சாவூர் ஜில்லாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், ஒன்றும் கிடையாது என்பதுதான் யோக்கியமான பதில். அங்கே பனி, இங்கே வெயில். அங்கே ஹெர்ரிங் மீன், இங்கே வஞ்சிரம். அப்படியிருந்தும் 1620-லிருந்து 1845 வரை, போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று ஆளுக்கொரு பட்டினத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சோழமண்டலக் கரையில், பொறையாற்றுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு டென்மார்க் கொடியும் பறந்துகொண்டிருந்தது. எப்படி வந்தது என்று தோண்டிப் பார்த்தால் ஒன்று புரிகிறது. தரங்கம்பாடிக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கப்பலேறிய ஐரோப்பியர் அனேகமாக யாருமில்லை. வேறெங்கோ போகக் கிளம்பினார்கள், காரியம் கெட்டது, இங்கே இறங்கினார்கள். ஊரும் "வந்தது வந்தீங்க, இருந்துட்டுப் போங்க" என்று விட்டுவிட்டது.

இன்றைக்கும் ஊரின் சுபாவம் அதுதான். திருக்கடையூரில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடித்துவிட்டு, சாப்பிட்ட இலைச் சாப்பாடு செரிக்கட்டும் என்று வேன் வைத்துக்கொண்டு வருகிற கூட்டம்தான் இங்கே பாதி. அவர்களும் தரங்கம்பாடிக்கென்று வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் அல்ல.

அசல் குடி யார் என்று பார்த்தால், மாசிலாமணிநாதர். அலை வந்து மோதுகிற இடத்தில் அவர் கோயில். 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். டேனிஷ்காரர் கண்ணில் படுவதற்கு முன்னூறு வருஷம் முந்தியே சுவாமி இங்கே கடல் பார்த்த மனையில் குடியிருந்தார். கடல் அவருடைய முன்மண்டபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டது என்பது வேறு விஷயம். கடலோரத்தில் மனை வாங்குகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இனி, குடிக்கூலிக்கு வந்தவர்கள் கதை.

கோபன்ஹேகனில் நாலாம் கிறிஸ்டியன் என்று ஒரு ராஜா. ஹாலந்துக்காரன் மிளகு விற்றே கொழுக்கிறானே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. 1616-ல் நாமும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி நடத்துவோம் என்று பட்டயம் எழுதிக் கொடுத்தார். கம்பெனி தயார். கிழக்கே எந்த வாசலில் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் மார்செலிஸ் போஷூவர். ஆள் டச்சுக்காரர், ஆனால் இலங்கைச் சக்கரவர்த்தியின் தூதர் என்று சொல்லிக்கொண்டார். கண்டி அரசவையில் கொஞ்ச காலம் இருந்தது உண்மை. அதை வைத்துக்கொண்டு, எங்கள் ராஜாவுக்குப் போர்த்துகீசியரை விரட்டப் படை கொடுங்கள், வியாபாரம் முழுவதையும் உங்களுக்குத் தருகிறோம் என்றார். சொந்த நாட்டு டச்சுக்காரர்கள் கண்டுகொள்ளாத யோசனை இது. டென்மார்க் ராஜா அப்படியே நம்பினார். சபையில் உட்காரவைத்து, மரியாதை செய்து, 1618-ல் ஒப்பந்தமும் போட்டார்.

படைத்தலைவர் ஓவே கெட்டே, 24 வயதுகூட நிரம்பாத பிள்ளை. கப்பல்கள் ஒன்றரை வருஷம் கடலில் கிடந்தன. போனவர்களில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். போனவர்களில் தூதரும் ஒருவர். 1620 மே மாதம் மிச்சமிருந்தவர்கள் தள்ளாடிக்கொண்டு இலங்கையில் இறங்கி, ஒப்பந்தத்தை நீட்டினால், கண்டி ராஜா, நான் இப்படி எதற்கும் அவருக்கு அதிகாரம் கொடுக்கவில்லையே என்றார். விளக்கம் சொல்லவேண்டிய ஆள் கடலுக்கு அடியில் இருந்தார். மனித சரித்திரத்தில் இவ்வளவு சரியான நேரத்தில் செத்துப்போனவர்கள் குறைவு.

இதற்கிடையே, முன்னால் அனுப்பிவைத்த கப்பல் ஒன்று தன் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தது. அதில் வந்த ரோலண்ட் கிராப்பே என்கிற வியாபாரி காரைக்கால் பக்கம் போர்த்துகீசியரோடு மோதப் போய், கப்பல் மூழ்கியது. பிடிபட்டவர்களில் இருவர் தலையைக் கடற்கரையில் குத்திவைத்தார்கள், மற்றவர்களுக்குப் புத்தி வரட்டும் என்று. கிராப்பேயும் பதின்மூன்று பேரும் கரையேறித் தப்பினார்கள். சொட்டச் சொட்ட நனைந்த அந்தக் கோஷ்டியைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ரகுநாத நாயக்கர் முன்னால் நிறுத்தினார்கள்.

ரகுநாத நாயக்கர் காவியம் எழுதுகிறவர், வீணை ஞானி, பக்கத்திலேயே கோவிந்த தீட்சிதர் மாதிரி மந்திரி. வந்தவனை எடை போடத் தெரிந்தவர். போர்த்துகீசியர் ஏற்கெனவே தொல்லையாக இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் தானே வந்து நிற்கிறான். கையில் கப்பல் இல்லை, காசு இல்லை. இதைவிட அடக்கமான குடித்தனக்காரன் எங்கே கிடைப்பான்? 1620 நவம்பரில் ஒப்பந்தமானது. ஒரு மீனவ கிராமம், கோட்டை கட்டிக்கொள்ள உரிமை, வரி வசூலித்துக்கொள்ள அனுமதி. வருஷ வாடகை 3,111 ரூபாய். டென்மார்க் ராஜாவுக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் எழுதி, தெலுங்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. வாடகைப் பாக்கி வைத்த குடித்தனக்காரன்கூட, வீட்டுக்காரர் தங்கத்தில் எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் தொலைக்கமாட்டான்.

பாக்கி வைத்தார்கள் என்றா சொன்னேன்? ஆமாம், அதுதான் அடுத்த ஐம்பது வருஷக் கதை.

கெட்டே மணலில் டான்ஸ்போர்க் கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு ஊர் திரும்பினார், கிராப்பே பொறுப்பேற்றார். மிளகு ஏற்றத்தான் இவ்வளவு தூரம் வந்தது. காவிரிக் கழிமுகத்தில் நெல்தான் விளைகிறது என்ற தகவல் ஒப்பந்தம் போட்ட பிறகு உறைத்திருக்க வேண்டும். ஆகவே இங்கே துணி வாங்கி, கிழக்கே தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கிராம்பு வாங்கி, எப்படியோ காலம் தள்ளினார்கள். 1622-லிருந்து 1637-க்குள் டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல் 18, திரும்பிப்போனது 7. அங்கே ராஜா ஜெர்மனியில் நடந்த முப்பதாண்டுப் போரில் மூக்கை நுழைத்து, அடி வாங்கி, கஜானாவைத் துடைத்து வைத்திருந்தார். தரங்கம்பாடி என்று ஒன்று இருப்பதை நினைத்துக்கொள்ள அங்கே யாருக்கும் நேரமில்லை.

பெரிய இடத்தில் கவனிக்காவிட்டால் கிளை ஆபீஸ் என்ன ஆகும்? கிராப்பேக்குப் பின் வந்த பெர்ன்ட் பெஸார்ட் ஊரெல்லாம் கடன் வாங்கினார். கணக்குக் கேட்க 1643-ல் வில்லெம் லேயல் வந்தார். பெரிய ரகளை, பெஸார்ட் தப்பித்து ஓடினார். லேயல் நேர்மையானவர், கண்டிப்பானவர், ஆகவே யாருக்கும் பிடிக்காதவர். ஊர்ப் பாதிரியார்கள் இருவர் எந்நேரமும் தண்ணியில் மிதந்தார்கள், கடல் தண்ணி இல்லை. அவர்களையும் அவர் விசாரணைக்கு நிறுத்தவேண்டி வந்தது. ஐந்து வருஷம் பொறுத்த ஆட்கள் 1648-ல் கலகம் செய்து லேயலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். பெஸார்ட் சுரண்டினார், யாரும் கலகம் செய்யவில்லை; லேயல் சுரண்டவில்லை, கலகம். நிர்வாகம் படிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த லட்சணத்தில் ஒரு யுத்தமும் நடந்தது. வங்காளத்தில் தங்கள் சரக்குக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று 1642-ல் இவர்கள் மொகலாய சாம்ராஜ்யத்தின் மேல் போர் தொடுத்தார்கள். ஆமாம், மொகலாய சாம்ராஜ்யத்தின் மேல். ஷாஜகான் அப்போது தாஜ்மகால் வேலையில் இருந்தார். தரங்கம்பாடியிலிருந்து ஒரு கை மனிதர்கள், ஓட்டைக் கப்பலில் போய், வங்காள விரிகுடாவில் எதிர்ப்பட்ட வியாபாரக் கப்பல்களை மடக்கினார்கள். பிடித்த கப்பலை விற்று அரிசி வாங்கினார்கள். பச்சையாகச் சொன்னால் கடற்கொள்ளை. கௌரவமாகச் சொன்னால் பேரரசோடு போர். இந்தப் போர் 1698 வரை, 56 வருஷம் நீடித்தது. ஷாஜகான் போய் அவுரங்கசீப் வந்து அவருக்கும் வயசாகிவிட்டது. ஒரு போர் நடக்கிறது என்று டில்லிக்கு எப்போதாவது உறைத்ததா என்பது சந்தேகம்தான்.

நடுவில் 1650-ல் கோபன்ஹேகன் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கலைத்த செய்தியைச் சொல்லக்கூட ஒரு கப்பல் வரவில்லை. இங்கேதான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே. பிரபு குடும்பம் கிடையாது, பட்டம் கிடையாது, சாதாரண ஆள். மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகச் சாக, 1655-ல் மிஞ்சியிருந்த டேனிஷ்காரர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம் என்ற நிலையில், அவர் கோட்டைத் தலைவர் ஆனார். முதலாளி இல்லை, சம்பளம் இல்லை, கம்பெனி இல்லை. வாடகைப் பாக்கி கேட்டுத் தஞ்சாவூர்ப் படை வந்து ஊரைச் சூழ்ந்தது. மனிதர் அசரவில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கொள்ளை வருமானத்தில் ஊர்க்காரர்களைச் சிப்பாய்களாக வைத்துக்கொண்டார். தினமும் காலையில் கொடியேற்றினார். டச்சுக்காரர் 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து, கூப்பிடு தூரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். இவர் கோட்டையைக் கொடுக்கவில்லை.

1669-ல் ஒருநாள் அடிவானத்தில் ஒரு கப்பல். ‘ஃபாரோ’ என்று பெயர். டென்மார்க் கொடி. 1643-க்கப்புறம் முதல் தடவை. வந்தவர்கள் பார்த்தால், நாட்டுக்கே மறந்துபோன ஓர் ஊரை ஒரு மனிதர் நாட்டின் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ராஜா மாறிவிட்டார் என்பதையும், கம்பெனி இல்லை என்பதையும் எந்த வரிசையில் சொன்னார்களோ. அவரையே முறைப்படி கவர்னர் என்று அறிவித்தார்கள். பதினாலு வருஷம் வேலை பார்த்த பிறகு நியமன உத்தரவு வருவது நம்மூர்த் தற்காலிக ஊழியர்களுக்குப் புதிதல்ல.

இந்த வியாபாரத்தில் அடிமைகளும் ஏற்றுமதியானார்கள். பஞ்ச காலத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட குடும்பங்கள் இந்தக் கரையில் இருந்தன. வாங்கிக் கப்பலேற்றியவர்களில் டேனிஷ்காரரும் உண்டு. இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வாசலில் நட்ட கொடியைப் பார்த்து யாரும் இவர்களைச் சாது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

அடுத்து வந்தவர்தான் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர். 1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்கு, கூட ஹென்ரிக் புளுச்சோ. இருவரும் ஜெர்மானியர். அனுப்பியவர் டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக். முதலில் மேற்கிந்தியத் தீவுக்கு என்றார்கள். பிறகு ஆப்பிரிக்கா என்றார்கள். கடைசியில் தரங்கம்பாடி என்று முடிவாயிற்று. பார்த்தீர்களா, நான் சொன்னேன்.

ராஜா அனுப்பினார், சரி. அதற்குள் மறுபடி முளைத்திருந்த ராஜாவின் கம்பெனிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. மதம் பேசினால் வியாபாரம் கெடும் என்று அவர்களை மடக்கிவைக்கச் சொல்லி கவர்னருக்கு ரகசியத் தாக்கீது போயிருந்தது. கவர்னர் ஹாசியஸ் தாக்கீதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். வந்த இருவரையும் வெயிலில் நெடுநேரம் காக்கவைத்தார். உங்களை இங்கே யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டார். சந்தைத்தெரு வரை கூட்டிவந்து, அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ராஜ முத்திரை போட்ட கடிதத்தோடு ரெண்டு ஜெர்மானியர் தெருவில் நின்றார்கள். யாரோ ஒரு கம்பெனி ஆள் இரக்கப்பட்டு இடம் கொடுத்தார்.

சீகன்பால்கு அசந்துபோகிற பேர்வழி இல்லை. உள்ளூர் வாத்தியாரை வீட்டுக்கே வரவழைத்து, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பொடியன்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் ‘அ’ எழுதினார். பிள்ளைகளுக்கு எப்பேர்ப்பட்ட தமாஷாக இருந்திருக்கும்! தங்களோடு ஒரு வெள்ளைக்காரத் துரை ‘ழ’ சொல்லத் திணறுகிறார். ஆனால் பையன்கள் சிரித்து முடிப்பதற்குள் துரை அவர்களைத் தாண்டிப் போய்விட்டார். இரண்டே வருஷத்தில், 1708-க்குள், திருக்குறள் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விவரப் பட்டியல் எழுதினார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இங்கே மதம் மாற்றவந்த மனிதர், இந்த ஊர்க்காரர்களிடம் கற்க இவ்வளவு இருக்கிறதே என்று ஐரோப்பாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பரிசாக, அதே 1708-ல், ஒரு விதவையின் வழக்கில் தலையிட்டார் என்று கவர்னர் அவரைக் கோட்டையில் பிடித்துப் போட்டார். நாலு மாசம். பேனா, காகிதம் கூடாது என்று உத்தரவு. அப்படியும் எங்கிருந்தோ காகிதம் வாங்கி எழுதிக்கொண்டே இருந்தார். டென்மார்க் ராஜா அனுப்பிய ஆளை டென்மார்க் ராஜாவின் கோட்டையிலேயே டென்மார்க் ராஜாவின் கவர்னர் அடைத்து வைப்பது என்பது, நிர்வாகத்தில் ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாத நிலையின் உச்சம்.

அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி, 1713-ல் ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். ஐயனாரும் மாரியம்மனும் ஜெர்மன் கையெழுத்தில் கப்பலேறினார்கள். அங்கிருந்த பெரியவர் பிராங்கே திகைத்துப்போனார். உங்களை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க. அதன் கதைகளை இங்கே பரப்புவதற்கு இல்லை என்கிற பொருளில் பதில் வந்தது. கையெழுத்துப் பிரதி அலமாரிக்குள் போயிற்று. வெளியே வந்து அச்சேறியது 1867-ல், அதுவும் சென்னையில். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஐயனார் ஹாலேயில் காவல் காத்திருக்கிறார்.

அச்சு இயந்திரக் கதை இன்னும் விசேஷம். லண்டனில் ஒரு கிறிஸ்தவச் சங்கம் இயந்திரம், காகிதம், அச்சடிக்கத் தெரிந்த ஆள் எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பியது. போகிற வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டி மீட்டார்கள். அதற்குப் பிறகு அச்சடிக்கிறவர் வழியிலேயே செத்துப்போனார். 1712-ல் இயந்திரம் மட்டும் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது. இயக்க ஆளில்லை. கோட்டையில் காவல் நின்ற சிப்பாய்களை விசாரித்தால், ஒருவர் முன்பு அச்சு வேலை பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது! துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லி அவரை அச்சாபீசுக்கு இழுத்தார்கள்.

அடுத்து எழுத்து. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் வந்தன, ஒவ்வொன்றும் தடித்தடியாக. ஒரு பக்கத்தில் நாலு வரி அடங்கினால் பெரிது. அந்த அளவில் விவிலியம் அச்சிட்டால் காகிதம் வாங்கியே மிஷன் திவால். எழுத்து வார்க்க ஆட்லர் என்பவர் வந்திருந்தார். சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது? அதே லண்டன் சங்கம் அனுப்பிய செஷயர் பாலாடைக்கட்டி டப்பாக்களின் மூடி ஈயம். டப்பாவைத் திறந்து பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டார்கள். மூடியை உருக்கி அ, ஆ, இ, ஈ வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வந்தது. தமிழ் அச்சு அதற்கு முன்பே உண்டு. 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வந்தாயிற்று. ஆனால் பாலாடைக்கட்டி மூடியில் வார்த்த தமிழ் என்ற பெருமை தரங்கம்பாடிக்குத்தான். தமிழன்னைக்கு வெண்ணெய்க்காப்பு சாத்தியவர்கள் உண்டு. சீஸ்காப்பு இது ஒன்றுதான்.

காகிதமும் இங்கேயே செய்துவிடலாம் என்று பொறையாற்றில் ஆலை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நிலைத்தது. சீகன்பால்கு ஊர் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். ராஜவீதியில் புது எருசலேம் ஆலயம் கட்டி 1718-ல் பிரதிஷ்டை செய்தார். கோபன்ஹேகனிலிருந்து பாராட்டு வரவில்லை. அப்போஸ்தலர்கள் கட்டிடமா கட்டினார்கள், இவ்வளவு செலவு எதற்கு என்று கண்டனக் கடிதம்தான் வந்தது. 1719 பிப்ரவரியில், 36 வயதில், இறந்தார். அந்த ஆலயத்திலேயே அடக்கம். அதே வீதியில் எதிரே சீயோன் ஆலயம், 1701-ல் ஐரோப்பியருக்காகக் கட்டியது. ஒரே தெரு, ஒரே ஆண்டவர், வெள்ளைக்காரனுக்கு ஒரு கோயில், தமிழனுக்கு ஒரு கோயில். தமிழன் கோயிலுக்குள்ளே போனால் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தான். ஐரோப்பாவும் நாமும் பரஸ்பரம் கற்றுக்கொண்ட பாடங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடித்தனக்காரர்களுக்கு ஒருவழியாகச் சுக்கிரதிசை அடித்தது. உழைத்து இல்லை, சும்மா இருந்து. இங்கிலாந்தும் பிரான்சும் அடித்துக்கொண்டிருக்க, டென்மார்க் எந்தப் பக்கமும் சேரவில்லை. நடுநிலைக் கொடி பறக்கிற கப்பலை யாரும் மடக்குவதில்லை. இங்கே இங்கிலீஷ் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் லஞ்சத்தில் சேர்த்த மூட்டையைத் தங்கள் கம்பெனிக்கே தெரியாமல் ஊருக்கு அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார்கள். டேனிஷ்காரரிடம் கொடுத்தால் சரக்காக மாறி, கோபன்ஹேகன் போய், பணமாக மாறிக் கைக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் கமிஷன். ராஜவீதியில் தூண் வைத்த மாளிகைகள் எழும்பின. 1792-ல் ஊர் வாசலைக் கம்பீரமாகக் கட்டினார்கள். அந்த வெள்ளை வளைவுக்குக் கீழேதான் இன்றைக்கும் ஷேர் ஆட்டோ நுழைகிறது. கவர்னர் பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர், படம் வரைகிறவர். நீர்வண்ணத்தில் கோயில் கோபுரம் வரைந்துகொண்டே பதினெட்டு வருஷம் ஆட்சி நடத்தினார். ஊரின் குணத்துக்கு இவரளவு பொருந்திய ஆட்சியாளர் வேறில்லை.

ஊர்ப் பெண் ஒருத்தியையும் சொல்லாமல் விடக்கூடாது. 1760-களின் தொடக்கத்தில் இங்கே ஒரு பிரெஞ்சு வீட்டில் பிறந்த காதரின் வொர்லே. பதினாலு, பதினைந்து வயதில் கிராண்ட் என்கிற கம்பெனி உத்தியோகஸ்தரைக் கட்டிக்கொண்டு கல்கத்தா போனாள். 1778-ல் ஓர் இரவு, வாரன் ஹேஸ்டிங்ஸின் பரம எதிரியான பிலிப் பிரான்சிஸ், கிராண்ட் இல்லாத நேரத்தில் அவர் வீட்டுக்குள் ஏணி வைத்து ஏறினார். வேலைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கோர்ட்டு 50,000 சிக்கா ரூபாய் நஷ்டஈடு விதித்தது. தரங்கம்பாடிக்கு வாடகை எவ்வளவு என்பதை நினைத்துப் பாருங்கள்; ஏணி ஏறிய ஓர் இரவுக் காசில் இந்த ஊரைப் பதினாறு வருஷம் வைத்துக்கொள்ளலாம். காதரின் பிறகு பாரிஸ் போய், 1802-ல் டாலிராண்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் நெப்போலியனின் வெளியுறவு மந்திரி, அதற்கு முன்னால் கத்தோலிக்க பிஷப். நாலு வருஷத்தில் அவள் பெனவென்டோ இளவரசி. ஊரில் இவளுக்கு ஒரு தெருப்பெயர்கூடக் கிடையாது.

நடுநிலை ஒருநாள் தீர்ந்தது. 1807-ல் இங்கிலீஷ்காரர் கோபன்ஹேகனைக் குண்டு வீசிக் கொளுத்தினார்கள். மறுவருஷம் தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டார்கள். 1815-ல் திருப்பிக் கொடுத்தபோது வியாபாரம் போயிருந்தது. கப்பல் வருவது நின்று, மாளிகைகளில் ஓட்டுச் சரிவு தொடங்கியது. செலவுக் கணக்கைப் பார்த்துப் பார்த்துச் சலித்த டென்மார்க், 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றது.

விற்றது என்கிறார்கள். யார் வீட்டை? 1620-ல் வருஷ வாடகைக்கு என்று கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவர்கள், இருநூற்றிருபத்தைந்து வருஷம் குடியிருந்துவிட்டு, வீட்டையே கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வாங்கினவர்களும் அதைக் கேட்கவில்லை. ஏனென்றால், தஞ்சாவூரையும் அதற்குள் அவர்கள் இதைவிட மலிவாக எடுத்திருந்தார்கள். மயிலாப்பூரில் ஒட்டுக்குடித்தனம் விட்டிருக்கிற மாமாக்கள் இந்தக் கட்டத்தை இருமுறை படிக்கவேண்டும்.

அதோடு ஊர் படுத்துக்கொண்டது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக இருந்தார். அவர் பார்த்த வழக்குகளில்தான் ஏதோ சத்தம் இருந்திருக்கும். மாயவரத்திலிருந்து 1926-ல் ரயில் வந்தது, 1980-களில் நின்றது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று மூன்று மாவட்டத்தில் இருந்துவிட்டது.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. மீனவர் தெருக்களில் போன உயிர்கள் ஏராளம். அதற்கப்புறம் வெளியிலிருந்து பணமும் ஆட்களும் வந்தார்கள், டென்மார்க்கிலிருந்தும் வந்தார்கள். பழைய வீடுகளைச் செப்பனிட்டார்கள், கோட்டைக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். மீனவர்கள் கொஞ்ச நாளில் வலையை எடுத்துக்கொண்டு மறுபடி கடலுக்குப் போனார்கள். அதைப் பற்றி ஒரு பங்களா வாசலிலும் பலகை இல்லை.

இப்போதைய பெருமை கோட்டைகூட இல்லை, காற்றுதான். இந்தக் கடற்கரையில் ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது, உடம்புக்கு அவ்வளவு நல்லது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓசோன் வானத்தில் உயரே இருந்தால்தான் நல்லது, மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது என்பது பள்ளிக்கூடப் பாடம். கோட்டைக்கு முன்னால் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவரிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மாங்காய்த் துண்டை மேலே தூவிப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"அது இப்ப உள்ள ஓசோன் சார். இது டேனிஷ்காரன் காலத்து ஓசோன்."